ஓஃபுனாதோ கோச் ரோக்கியை இறக்காதது சரியா?

25 ஜூலை 2025 (வாசகர் கேள்வி)

அமெரிக்காவின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் ஜப்பானிய பிட்சர் (பந்து வீசுபவர்) ரோக்கி சசாகி மே மாதத்திலிருந்து தோள் பிரச்சினையால் ஆடவில்லை. ஜப்பானில் ஓஃபுனாதோ பள்ளியில் படித்த காலத்தில் இவரை இறுதிப் போட்டியில் இறக்காமல் காப்பாற்றினார் என்று ஒரு கோச்சைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். காப்பாற்றியும் தோள் போய்விட்டதே! அப்புறம் அந்த அணியின் மற்ற பையன்களின் கனவைக் கெடுத்தது எதற்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

25 ஜூலை, இரவு

நாள் பார்த்துக் கேட்டது போல இருக்கிறது. இன்றோடு சரியாக ஆறு வருஷம்.

2019 ஜூலை 25, மொரியோகாவில் இவாத்தே மாகாணப் பள்ளி பேஸ்பால் தொடரின் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ஓஃபுனாதோ, கடலோர ஊரின் சாதாரண அரசுப் பள்ளி. எதிரே ஹனமாகி ஹிகாஷி, பின்னாளில் அமெரிக்கா போய் ஆடிய ஷோஹெய் ஓதானியும் யூசெய் கிகுச்சியும் ஆடி வளர்ந்த தனியார் பள்ளி. ஜெயிக்கும் அணிக்குக் கோஷியென் மைதானத்தில் நடக்கும் தேசியத் தொடரில் இடம். ஓஃபுனாதோ அந்தத் தொடரில் கடைசியாக ஆடியது 1984 கோடையில்.

ஓஃபுனாதோவின் முதன்மை பிட்சர் ரோக்கி, அந்த ஏப்ரலில் 163 கி.மீ. வேகத்தில் வீசிய பையன், அன்று பெஞ்சை விட்டு எழவில்லை. மட்டை பிடிக்கக்கூட இறக்கவில்லை. அந்தத் தொடரில் அதுவரை ஒரு பந்துகூட வீசாத இன்னொரு மாணவனை கோச் யோஹெய் கொகுபோ அனுப்பினார். 12-2 என்று தோற்றார்கள்.

என் பதில்: அவர் செய்தது சரி. ஆனால் எல்லோரும் சொல்கிற காரணத்துக்காக இல்லை. "பின்னாளில் பையன் பெரிய ஆளாக வந்தானே" என்பார்கள். வராமல் போயிருந்தாலும், ரோக்கி இன்று ஓஃபுனாதோவில் மீன் வியாபாரம் செய்துகொண்டிருந்தாலும், அந்த முடிவு சரிதான். அதே மாதிரி, இன்று தோள் வலிக்கிறது என்பதால் அது தப்பாகவும் ஆகிவிடாது. பதினேழு வயதுப் பையனின் கையை அன்று என்ன நிலையில் பார்த்தாரோ அதை வைத்துத்தான் கோச் முடிவெடுக்க முடியும்.

26 ஜூலை, காலை

மேலே ஒருவர், "தொடர் முழுக்கப் பொத்திப் பொத்தி வைத்திருந்து கடைசியிலும் ஒளித்து வைத்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. அந்தத் தொடரில் ரோக்கி வீசிய கணக்கு:

ஜூலை 16, 19 பந்து. ஜூலை 18, 93 பந்து. ஜூலை 21, 194 பந்து. ஜூலை 24, 129 பந்து.

மொத்தம் 435. 21ஆம் தேதி மொரியோகா நான்காம் பள்ளியோடு ஆடியது வழக்கமான ஒன்பதைத் தாண்டி 12 இன்னிங்ஸ் நீண்டது. அதில் 160 கி.மீ. தொட்டு, 21 பேரை மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆக்கி (ஸ்ட்ரைக் அவுட்), 12ஆவது இன்னிங்ஸில் ஜெயிக்க வைத்த ஹோம் ரன்னையும் அவனே அடித்தான். மறுநாள் காலிறுதியில் கோச் அவனை உட்கார வைத்தார். அணி தடுமாறி 11 இன்னிங்ஸில்தான் தப்பியது. 24ஆம் தேதி அரையிறுதியில் முழு ஆட்டமும் வீசி ஜெயித்துக் கொடுத்தான். மறுநாளே இறுதிப் போட்டி.

பொத்தி வைத்த கை இப்படியா இருக்கும்?

26 ஜூலை, இரவு

காலையில் அந்த எண்களை எழுதிய பிறகு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்.

ஜப்பான் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் சம்மேளனம் 2020இல் ஒரு விதி கொண்டுவந்தது: ஒரு பிட்சர் ஒரு வாரத்தில் 500 பந்துக்கு மேல் வீசக்கூடாது. இந்த விவாதம் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், "இப்போதுதான் விதி வந்துவிட்டதே, இனி எந்த கோச்சுக்கும் அந்தத் தர்மசங்கடம் இல்லை" என்பார்.

இருக்கிறது. இறுதிப் போட்டி நாளையும் சேர்த்துப் பின்னோக்கி ஏழு நாள் எடுங்கள். 19 முதல் 25 வரை. அதற்குள் வருவது 194, 129 இரண்டும்தான். கூட்டினால் 323. அதாவது இந்த விதி அன்றே இருந்திருந்தாலும் ரோக்கி இறுதிப் போட்டியில் இன்னும் 177 பந்து வீசியிருக்கலாம், ஒரு முழு ஆட்டத்துக்குத் தாராளமாகப் போதும். விதிப்புத்தகம் "போடு" என்றுதான் சொல்லியிருக்கும். "வேண்டாம்" என்று சொல்ல அன்றைக்கும் அந்த ஒரு மனிதர்தான் இருந்திருப்பார்.

அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் 2014இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் 17, 18 வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 105 பந்து. 81ஐத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு. அந்தக் கணக்குப்படி 194 என்ற எண்ணே வந்திருக்காது. 24ஆம் தேதி அரையிறுதியிலும் அவன் வீசியிருக்க முடியாது.

ஆகவே எனக்கு இப்போது தோன்றுவது: நாம் ஆறு வருஷமாக 25ஆம் தேதியைப் பற்றிச் சண்டை போடுகிறோம். கெட்டது 21ஆம் தேதி. அன்று 12 இன்னிங்ஸும் ஒரே கை வீசியபோதே இறுதிப் போட்டி பாதி தீர்மானமாகிவிட்டது. கொகுபோவை நான் கேட்க விரும்புவதும் அந்த நாளைப் பற்றித்தான்.

27 ஜூலை

"194 பந்து என்ன பெரிய விஷயம், நம்ம ஊரில் பையன்கள் நாள் பூராவும் வீசுவார்கள்" என்ற பதிலுக்கு.

நானும் அப்படி வீசியவன்தான். பாளையங்கோட்டையில் பள்ளி அணிக்கு வேகப்பந்து. மண்டலப் போட்டி நேரத்தில் காலையில் ஓர் ஆட்டம், மதியம் இன்னோர் ஆட்டம், நடுவில் புளிசாதம். கீழ்முதுகில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு வலி வந்து வந்து போகும். மதிய ஆட்டத்துக்கு முன் எங்கள் பயிற்சியாளர் தோளில் கை போட்டு, "என்னடே, போட்டுருவியா?" என்று கேட்டார். நல்ல மனிதர், பாசத்தோடுதான் கேட்டார். "போடுதேன் சார்" என்றேன். வேறு என்ன சொல்லுவான் அந்த வயசில்? சுற்றி பத்துப் பேர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது?

எலும்பில் விரிசல் என்று அப்புறம் ஸ்கேனில் தெரிந்தது. பிறகு நான் வேகம் போடவில்லை.

கொகுபோ விஷயத்தில் என்னை அசைத்தது இதுதான். அவர் பையனிடம் கேட்கவே இல்லை. ஆட்டத்துக்கு முன்பே "இன்று நீ இல்லை" என்று சொல்லிவிட்டார். பிறகு நிருபர்களிடம், வீச முடிகிற நிலையில் இருந்திருக்கலாம், காயம் வரக்கூடாது என்று நான் முடிவெடுத்தேன், மூன்று வருஷத்தில் காயத்துக்கு இவ்வளவு வாய்ப்பிருந்த நாள் வேறில்லை என்று தன் தலைமேல் போட்டுக்கொண்டார். வீச ஆசையாகத்தான் இருந்தது என்று ரோக்கியும் சொன்னான். ஆசை இருக்காதா? அதனால்தான் கேட்கக்கூடாது.

29 ஜூலை

பள்ளிக்குக் கண்டனத் தொலைபேசிகள் குவிந்தது உண்மை. தொலைக்காட்சியிலும் பெரிய சண்டை. 3,085 ஹிட் அடித்து ஜப்பானின் தொழில்முறை சாதனையை வைத்திருக்கும் இசாவோ ஹாரிமோத்தோ, கட்டாயம் வீச வைத்திருக்க வேண்டும், காயத்துக்குப் பயந்தால் விளையாட்டையே விட்டுவிடலாம் என்ற ரீதியில் பேசினார். மேஜர் லீக்கில் ஆடிய ஜப்பானிய பிட்சர் யு தார்விஷ் அமெரிக்காவிலிருந்து அதைக் கடுமையாக மறுத்தார்.

அப்போது இங்கே ஜப்பானில் எங்கள் அலுவலக கேன்டீனிலும் இதே பேச்சு. எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடும் மூத்த சகா ஒருவர் இவாத்தேக்காரர். கத்தவில்லை. சோபா நூடுல்ஸ் ஆறிப்போகும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "கடலோர ஊர்க்காரர்களுக்கு அந்தப் பையன் வெறும் பிட்சர் இல்லை" என்றார்.

2011 மார்ச் 11 சுனாமியில் ரிக்குசென்தகாதாவில் ரோக்கியின் அப்பாவும் தாத்தா பாட்டியும் இறந்துபோனார்கள். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. ஓஃபுனாதோவுக்குக் குடிபெயர்ந்தான். பெரிய தனியார் பள்ளிகளுக்குப் போகாமல், கூட வளர்ந்த பையன்களோடு சேர்ந்து கோஷியென் போக வேண்டும் என்றுதான் உள்ளூர் அரசுப் பள்ளியில் சேர்ந்தான். தொலைபேசியில் திட்டியவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அன்று பார்வையாளர் வரிசையில் மௌனமாக உட்கார்ந்திருந்த அந்த ஊர்ப் பெரியவர்களின் ஏமாற்றம் வேறு மாதிரியானது. அதைத் திட்டியவர்களின் கோபத்தோடு சேர்க்காதீர்கள்.

2 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் விடவில்லை: "மற்ற பையன்கள்?"

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, நாலைந்து நாளாக இதையே யோசிக்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு அதுதான் கடைசிக் கோடை. ஒரு தோல்வி, அத்தோடு பள்ளி பேஸ்பால் முடிந்தது. நாடு முழுக்க ஏறத்தாழ 3,700 பள்ளிகள் மோதி 49 அணிகள் கோஷியென் போகும் தொடர். ரோக்கிக்கு அதற்குப் பிறகும் தொழில்முறை வாழ்க்கை காத்திருந்தது. அவன் பக்கத்தில் நின்ற இரண்டாம் பேஸ்காரனுக்கு அது இல்லை.

குறைந்தபட்சம் மட்டை பிடிக்கவாவது இறக்கியிருக்கலாமே என்றும் முதலில் நினைத்தேன். நாலாம் இடத்தில் அடிப்பவன் அவன்தான். பிட்ச் செய்யாமல் அவுட்ஃபீல்டில் (மைதானத்தின் வெளிப்பகுதியில்) நிறுத்தினாலும் அங்கிருந்து முழு பலத்தோடு எறிய வேண்டி வரும் என்பது ஒரு பதில். ஆனால் கடைசி இன்னிங்ஸில் இன்னொருவருக்குப் பதிலாக மட்டை பிடிக்கும் பிஞ்ச் ஹிட்டராக ஒரு தடவை? அதில் கை கெட்டுப்போக என்ன இருக்கிறது? இந்த இடத்தில் மட்டும் கோச்சோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அந்த ஊருக்கும் அந்த அணிக்கும் அந்த ஒரு வாய்ப்பைத் தந்திருக்கலாம்.

அன்று வீச அனுப்பப்பட்ட மாணவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாகாணத்தின் மிக வலுவான மட்டையாளர்களுக்கு எதிராக, எல்லாக் கேமராவும் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, பிட்சர் நின்று வீசும் மேட்டில் ஏறி வீசினான். பெயர் எழுதவில்லை, அவரை நிம்மதியாக விடலாம். அந்தத் தொடரில் என் மரியாதை அவருக்கும் உண்டு.

3 ஆகஸ்ட்

கொகுபோ தொழில்முறை ஆட்டக்காரரா என்று கேட்டவருக்கு: ஜப்பானின் தொழில்முறை லீக்கில் ஆடியவர் இல்லை. த்சுகுபா பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவில் சுயேச்சை லீக்கில் கொஞ்சம் ஆடி, ஊருக்குத் திரும்பி ஆசிரியரானவர். இறுதிப் போட்டி சமயம் வயது 32. ரோக்கி 163 போட்டபோது உடல் பரிசோதனை செய்து பார்த்து, எலும்பு இன்னும் பெரியவர்களின் எலும்பு ஆகவில்லை, இந்த வேகத்தை உடம்பு தாங்காது என்று அப்போதே வெளிப்படையாகச் சொன்னவர்.

5 ஆகஸ்ட்

இன்று கோஷியென் தொடக்க விழா. வெயில் காரணமாக இந்த முறை மாலையில் வைத்தார்கள்.

"எதிர் அணி கோச் மட்டும் யோக்கியமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஹனமாகி ஹிகாஷியின் ஹிரோஷி சசாகி (ரோக்கிக்கு உறவில்லை, குடும்பப் பெயர்தான் ஒன்று) இந்த விஷயத்தில் நிறையப் பட்டவர். 2009 கோடையில் அவருடைய பிட்சர் யூசெய் கிகுச்சி வலியோடு அரையிறுதிவரை வந்தார். விலா எலும்பு முறிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அடுத்த வருஷம் பள்ளியில் சேர்ந்த ஓதானியை, உடம்பு இன்னும் வளர்கிறது என்று ஆரம்பத்தில் அவுட்ஃபீல்டில் நிறுத்திவைத்தார். நிறையச் சாப்பிட வைத்தார். ஓதானி அப்போது தன் இலக்குகளைக் கட்டம் கட்டி எழுதிய தாளில் இரவு ஏழு கிண்ணம், காலை மூன்று கிண்ணம் சோறு என்று இருக்கும். இவ்வளவுக்கும் பிறகும் ஓதானிக்கு இடுப்பில் காயம் வந்து மாதக்கணக்கில் சரியாக வீச முடியவில்லை. 2012 கடைசிக் கோடையில் மாகாண அரையிறுதியில் 160 தொட்டுவிட்டு, இறுதியில் தோற்று, அந்தக் கோடையில் கோஷியென் போகாமலே பள்ளி பேஸ்பாலை முடித்தார்.

ஆகவே 2019இல் இரண்டு பெஞ்சிலும் இருந்தவர்கள் இதன் கனம் தெரிந்தவர்கள்தான்.

10 ஆகஸ்ட்

ஹிரோஷிமாவின் கோர்யோ பள்ளி, முதல் ஆட்டத்தை ஜெயித்த பிறகும் தொடரிலிருந்து விலகிவிட்டது. அணிக்குள் நடந்த வன்முறை விவகாரம். இதற்கும் நம் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கோச்சும் விடுதியும் மூத்த மாணவர்களும் சேர்ந்த ஒரு மூடிய உலகத்தில் பையன் வாய் திறக்க முடியாது என்பதுதான் சம்பந்தம். வலிக்கிறது என்று சொல்ல முடியாத இடத்தில் அடிக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது.

16 ஆகஸ்ட்

விடுமுறை. போன மாதம் வீட்டுக்குப் பக்கத்து நகராட்சி மைதானத்தில் பார்த்த தகுதிச் சுற்று ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றிருந்தேன்.

கோஷியென் பளபளப்பு எதுவும் இல்லை. அம்மாக்கள் பார்லி தேநீர் கேன்களோடு நிழல் தேடி உட்கார்ந்திருக்கிறார்கள். பையன்கள் மைதானத்துக்குள் நுழையும்போது தொப்பியைக் கழற்றி மைதானத்தையே வணங்குகிறார்கள். எனக்கு முன் வரிசையில் அணியில் இடம் கிடைக்காத ஒரு மாணவன், கையில் எண்ணும் கருவி. ஒவ்வொரு பந்துக்கும் கட்டைவிரலால் ஒரு 'டிக்'. இன்னிங்ஸ் முடிந்ததும் பென்சிலால் நோட்டில் எழுதுகிறான். ஏழாவது இன்னிங்ஸில் அவர்கள் பிட்சர் 110ஐத் தாண்டினான். எண்ணுகிற பையன் பெஞ்சைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான், மறுபடி பெஞ்சைப் பார்த்தான். அங்கிருந்து யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த பிட்சர் ஒன்பதும் வீசினான், ஜெயித்தான், எல்லோரும் அழுதார்கள், நானும் கைதட்டினேன்.

எண்ணிக்கை எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. அதைப் பார்த்து ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. 2018 டிசம்பரில் நீகாத்தா மாகாணப் பள்ளி பேஸ்பால் சம்மேளனம், ஓர் ஆட்டத்துக்கு 100 பந்து என்று தன் வசந்தத் தொடருக்கு வரம்பு அறிவித்தது. தேசிய சம்மேளனம் மறுபரிசீலனை செய்யச் சொன்னதும் பின்வாங்கியது. அதற்குப் பிறகு குழு அமைத்துப் பேசித்தான் 500 வந்தது. 100 போய் 500 வந்த கதை இது.

500 சுத்தமாக உதவாது என்று சொல்லவில்லை. 2018இல் கனாஆஷி விவசாயப் பள்ளியின் கோசெய் யோஷிதா கோஷியெனில் மட்டும் ஆறு ஆட்டத்தில் 881 பந்து வீசினார். கடைசி ஏழு நாளில் 570. அது இப்போது நடக்காது. ஆனால் ரோக்கிக்கு நடந்தது நடக்கும்.

17 ஆகஸ்ட்

"தொழில்முறைக்குப் போனதும் பாதுகாப்பு முடிந்தது" என்று எழுதியவருக்கு: முடியவில்லை. ஜப்பானின் சிபா லோத்தே அணி முதல் வருஷம் முழுக்க ரோக்கியை ஓர் ஆட்டத்தில்கூட இறக்காமல் உடம்பைத்தான் வளர்த்தது. 2022 ஏப்ரல் 10, ஓரிக்ஸ் அணிக்கு எதிராக 105 பந்தில், எதிரணியில் ஒருவர்கூட பேஸ் ஏறாத பெர்ஃபெக்ட் கேம். 19 ஸ்ட்ரைக் அவுட், அதில் தொடர்ச்சியாக 13. ஜப்பானில் 28 வருஷத்துக்குப் பிறகு வந்த பெர்ஃபெக்ட் கேம் அது. அடுத்த ஞாயிறு மறுபடியும் எட்டு இன்னிங்ஸ் யாரும் பேஸ் ஏறவில்லை. 102 பந்து ஆகியிருந்தது. மேலாளர் இகுச்சி அவரை எடுத்துவிட்டார். ஜப்பானிலும் மேஜர் லீக்கிலும் யாரும் செய்யாத ஒன்று, இரண்டு பெர்ஃபெக்ட் கேம் அடுத்தடுத்து, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது!

அன்று இகுச்சியைத் திட்டியவர்கள் ரொம்பக் குறைவு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளி ஆசிரியர் வாங்கிய அடிதான் இதற்கு வழி செய்தது என்று நான் நம்புகிறேன்.

24 ஆகஸ்ட்

நேற்று ஒகினாவா ஷோகாக்கு பள்ளி முதல் முறையாகக் கோஷியென் கோடைக் கோப்பையை வென்றது, 3-1. இரண்டு இரண்டாம் ஆண்டு பிட்சர்கள் தொடர் முழுக்கப் பாரத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரே கையில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று காட்டிவிட்டார்கள். இரண்டு நல்ல பிட்சர்கள் கிடைப்பது அரசுப் பள்ளிக்கு அவ்வளவு எளிதல்ல என்பதும் உண்மைதான்.

10 அக்டோபர்

இழையை மேலே கொண்டு வருகிறேன். இன்று காலை மேஜர் லீக் பிளேஆஃப் தொடரில் பிலடெல்பியாவுக்கு எதிரான நான்காம் ஆட்டம் பார்த்தீர்களா? ரோக்கி எட்டாம் இன்னிங்ஸில் வந்து மூன்று இன்னிங்ஸ், ஒன்பது பேர், ஒருவரும் பேஸ் ஏறவில்லை. டாட்ஜர்ஸ் 11ஆவதில் ஜெயித்தது. அலுவலகத்தில் மீட்டிங்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தோம். இவாத்தே சகா எழுந்து நின்றுவிட்டார்.

இதை வைத்துக் கொகுபோ ஜெயித்துவிட்டார் என்று மேலே நாலு பேர் எழுதிவிட்டீர்கள். வேண்டாம். ஜூலையில் தோள்வலியை வைத்து அவர் தோற்றார் என்று சொல்லக்கூடாது என்றேன். அக்டோபரிலும் அதே நியாயம்தான்.

12 அக்டோபர்

தமிழ்நாட்டிலிருந்து உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பள்ளியில் வேகம் போடுகிற பையன்கள் மூன்று பேர். எதை எண்ணுவது, எப்போது நிறுத்துவது?"

சார், மருத்துவர் இல்லை நான், பட்டவன் மட்டும்தான். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வயதுவாரியாக ஒரு ஸ்பெல்லுக்கு இத்தனை ஓவர், ஒரு நாளைக்கு இத்தனை ஓவர் என்று வேகப்பந்துக்காரர்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. வலையில் தேடினால் கிடைக்கும், அதை அப்படியே அச்சடித்து ஒட்டிவிடுங்கள். ஆட்டத்தில் போட்டது மட்டும் போதாது, வலைப்பயிற்சியில் போட்டதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கிளப்புக்கு ஞாயிற்றுக்கிழமை போய் ஆடுகிறவன் இருந்தால் அதையும். நோட்டு ஒருவரிடமே இருக்கட்டும், அணியில் ஆடாத ஒரு பையனிடம். அவன் "போதும் சார்" என்றால் நிறுத்திவிடுவதாகத் தொடருக்கு முன்பே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்.

போடுகிறவனிடம் மட்டும் கேட்காதீர்கள்.

மண்டலப் போட்டி முடிந்ததும் அந்த நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து இங்கே போட முடியுமா? மூன்று பேரின் எண்களையும் பார்க்க ஆசை.